சூடு தெரியுதா

சனிக்கிழமை காலை ஏழே கால். கிளினிக் திறப்பது எட்டுக்கு. அக்கா அதற்குள் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

தம்பி சாவியோடு மேலேறி வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. கால்களை மட்டும் ஒடுக்கி வழி விட்டாள். அவன் பிசியோதெரபிஸ்ட். தெருவில் எல்லோருக்கும் பிசியோ. மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தனியாக நடத்துகிறான். முன்னறையில் நாற்காலிகள். உள்ளறையில் திரை போட்டுப் பிரித்த இரண்டு கட்டில்கள், சுவரோரம் அல்ட்ராசவுண்டு மெஷின், மூலையில் ஒத்தடப் பைகள் ஊறும் வெந்நீர்த் தொட்டி. தொட்டியை அவன் இரவிலும் அணைப்பதில்லை. சூடேற நேரம் பிடிக்கும்.

அக்கா உள்ளே வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உங்க மாமாவுக்குக் கை வலியா, இல்ல வேலைன்னா வலியா?”

இதை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். மாமா எதிரில் இருக்கும்போது, சிரித்துக்கொண்டே. மாமாவும் சிரிப்பார். இன்று மாமா எதிரில் இல்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

மாமா பெயின்டர். வெயில் காலத்தில் ஒரு வீட்டில் ஏணி சறுக்கியது. விழாமல் வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டார். உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கியது என்று சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை. அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. மாலையில் கிளினிக்குக்கு வந்து தோளுக்கு மெஷின் வைத்துக்கொண்டு போகிறார்.

ஸ்கேனில் தோள் ஜவ்வு லேசாக வீங்கியிருந்தது. சிறிய கிழிசல் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வயதில், தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்கேன் அப்படித்தான் சொல்லும் என்று பிசியோவுக்குத் தெரியும். வலி இருப்பவர்களுக்கும் சொல்லும். இல்லாதவர்களுக்கும் சொல்லும்.

அக்காவுக்கு ஸ்கேன் வேண்டாம். அவளிடம் வேறு ஒன்று இருந்தது.

ஹாலில் மின்விசிறி மாசக்கணக்காக அழுக்குப் பிடித்துக் கிடந்ததாம். நேற்று நிமிர்ந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது.

“நான் துடைக்கல. உன் மருமக துடைக்கல, அவ போனை விட்டு நிமிர்ந்தே பாக்கறதில்ல. ஃபேன் தானா குளிச்சுட்டு வந்துச்சா?”

மாமாவைக் கேட்டாளா என்று கேட்டான். கேட்டாளாம். சுற்றுகிற காற்றில் தூசி போயிருக்கும் என்றாராம்.

பிசியோ ஜன்னலைத் திறந்தான். கீழே மருந்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்த விஷயம் மெல்ல வெளியே வந்தது. திங்கட்கிழமை ஒரு புது அடுக்குமாடிக் கட்டடத்தில் வெளிச்சுவர் வேலை தொடங்குகிறது. மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறுகளில் பலகையைத் தொங்கவிட்டு, அதில் இரண்டு பேர் உட்கார்ந்து, மேலிருந்து கீழே அடித்துக்கொண்டே இறங்க வேண்டும். மாமா அந்த வேலையில் கெட்டிக்காரர். மேஸ்திரி ஆள் அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை வராவிட்டால் இனி எப்போதும் வர வேண்டாம், வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று. இன்னொரு பக்கம், பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் மாலை ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“நிஜமா வலின்னா நான் பேக்கிங்குக்குப் போறேன். ஒரு வார்த்தை முனக மாட்டேன். பொய்யின்னா அவரு பலகையில ஏறட்டும். எது நிஜம்னு நீ சொல்லு.”

“நான் எப்படிக்கா சொல்றது? அவரு உன் புருஷன்.”

“அதனாலதான் எனக்குத் தெரியல,” என்றாள்.

எழுந்து போனாள். படியிறங்கும்போது செருப்புச் சத்தம் ஒரு இடத்தில் நின்று மறுபடி கேட்டது.

ஒன்பதரைக்கு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர். குதிகால் வலி. ஒன்றுவிட்டு ஒருநாள் மெஷின் வைத்துக்கொள்கிறார். ஆட்டோக்காரர், மருந்துக் கடைக்காரர், கீழே படிக்கட்டில் விளக்குப் போடாத வீட்டுச் சொந்தக்காரர் என்று எல்லோர் மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. அந்த வரிசையில் மெஷினும் சேர்ந்திருந்தது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இதில் நிஜமாகவே ஏதாவது வருகிறதா, இல்லை சும்மா தேய்த்துவிடுகிறீர்களா என்று கேட்டார்.

“சத்தம் வருது டீச்சர். காதுக்கு எட்டாத சத்தம். அது உள்ள போய் ஜவ்வுல வேலை செய்யும்.”

“அப்ப ஃபீஸையும் கைக்கு எட்டாத ஃபீஸா குடுத்துடட்டுமா?”

பிசியோ சிரித்தான். மெஷினின் தலையைத் தூக்கிக் காட்டினான். கைப்பிடியின் முனையில் ஒரு உலோக வட்டம், பெரிய நாணயம் அளவுக்கு. அதை மேல்நோக்கித் திருப்பி, மேலே சில சொட்டுத் தண்ணீர் விட்டான். அளவு கூட்டும் குமிழைத் திருகினான். தண்ணீர் நடுங்கியது. கொதிப்பதுபோல் முள் முள்ளாக எழுந்து, மெல்லிய புகை மாதிரி சிதறியது. குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தான். தண்ணீர் அசையாமல் நின்றது.

டீச்சர் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார்.

“தண்ணிக்குத் தெரியுது. எனக்குத் தெரியலையே.”

இந்த அளவில் தெரியாது என்றான். தெரியாமல் இருப்பதுதான் சரி என்றும் சொன்னான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஜெல்லைக் குதிகாலில் பிதுக்கியதும் காலை இழுத்துக்கொண்டார். ஐஸ் கட்டியை வைத்த மாதிரி இருக்கிறதாம். இந்தக் குளிர்ச்சிக்கே இன்னொரு வலி வந்து சேருமாம். அவர் போன பிறகு பிசியோ ஜெல் பாட்டிலை வெந்நீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்தான். அடுத்த முறை கத்த மாட்டார்.

மெஷினின் தலையைத் துடைக்கப் போனவன் நின்றான். ஓரத்தில் ஒரு சொட்டு இன்னும் இருந்தது. அசையாமல்.

முதலில் வேலை பார்த்த இடம் நினைவுக்கு வந்தது. ஒரு விளையாட்டு விடுதி. போட்டி நெருங்கினால் பாதிப் பேருக்குத் தொடையில் பிடிப்பு வரும். யாருக்கு நிஜம், யாருக்குப் பயம் என்று கண்டுபிடிக்க அங்கிருந்த சீனியர் ஒரு வழி வைத்திருந்தார். மெஷினைப் போடுவார், திரை வெளிச்சம் வரும், குமிழை மட்டும் திருக மாட்டார். வெறும் தலையை வைத்துத் தேய்த்துக்கொண்டே சூடு தெரியுதா என்று கேட்பார். ஒன்றும் தெரியவில்லை என்பவனை நம்பலாம். தெரியுது சார், நல்லா தெரியுது என்பவன் நாம் கேட்க நினைப்பதைச் சொல்கிறவன். அவன் வலியும் அப்படித்தான்.

அதைப் பிசியோ அங்கேயே இரண்டு ஓட்டக்காரர்களிடம் செய்து பார்த்திருக்கிறான். இரண்டு பேருமே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் அந்த வழியைச் சந்தேகித்ததில்லை. மனிதர்களைத்தான் சந்தேகித்தான்.

அன்று அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தை இழுத்துவிடுவதும் பயிற்சியும்தான். மெஷினுக்கு வேறு யாரும் வரவில்லை. மாலையில் மாமா வந்தார்.

முன்னறையிலேயே சத்தம் கேட்டது. காத்திருந்த ஒருவரிடம் சுவர் வெடிப்புக்கு என்ன பூச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கேட்டாரா என்று தெரியாது. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். முதலில் இடது கையை உருவினார். பிறகு வலது தோளிலிருந்து சட்டையை மெல்ல நழுவவிட்டார். தோள் வலி உள்ளவர்கள் அப்படித்தான் கழற்றுவார்கள். தினமும் அப்படித்தான் கழற்றுகிறார். ஒரு நாள்கூட மாறவில்லை. பாடம் செய்த மாதிரி என்று பிசியோவுக்குத் தோன்றியது. இதுவரை தோன்றியதில்லை.

கட்டை விரல் நகத்தோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பெயின்ட். வேலைக்குப் போகாதவர் நகத்தில்.

“தூக்குங்க மாமா, பாக்கலாம்.”

மாமா கையைப் பக்கவாட்டில் தூக்கினார். தோள் உயரத்துக்குச் சற்று மேலே போனதும் முகம் சுருங்கியது. நேற்று தோள் உயரத்திலேயே சுருங்கியது. நேற்றைவிட இன்று தேவலையா, அல்லது நேற்று எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துபோயிற்றா? பிசியோ இரண்டையும் நினைத்தான். இரண்டாவதில் நின்றான்.

மாமாவைச் சாய்த்துப் படுக்கவைத்தான். மெஷினின் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது என்று ஒரு காரணமும் சொன்னான். மாமா கேட்கவில்லை. தொட்டி மூடியிலிருந்து ஜெல் பாட்டிலை எடுத்தான். தோளில் பிதுக்கினான். தலையை வைத்துச் சிறு வட்டமாக நகர்த்தத் தொடங்கினான். குமிழைத் தொடவில்லை.

வழக்கமாக மாமா இந்த நேரத்தில் ஒரே பதிலைச் சொல்வார். ஒண்ணும் தெரியல மச்சான், நீ தேய்க்கறதுதான் தெரியுது. முடியும்போது மெஷின் குக்கர் மாதிரி மூன்று முறை கத்தும். உடனே மாமா, வெந்துடுச்சு, இறக்கு, என்பார். ஒவ்வொரு நாளும். பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தாலும்.

“சூடு தெரியுதா மாமா?”

மாமா கூரையைப் பார்த்தார்.

“தெரியுது மச்சான். இன்னைக்குத்தான் தெரியுது. இதமா இருக்கு.”

“எங்க?”

“வலிக்கற எடத்துலயேதான்.”

பிசியோவின் கை வட்டத்தை விடவில்லை. இன்றைக்குத்தான். வாரக்கணக்காக ஓடிய மெஷினில் தெரியாத சூடு, ஓடாத மெஷினில் தெரிகிறது. அக்கா தன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். குணமாகிற மாதிரி காட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று மாமா கணக்குப் போட்டிருப்பார். குணமாகாமலும் இல்லை, குணமாகிவிடவும் இல்லை. வீட்டில் உட்காரத் தோதான இடம் அதுதான்.

மெஷினில் நேரம் ஓடாததால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வழக்கமான நேரம் வரை தேய்த்தான். தலையை எடுத்துத் துடைத்து வைத்தான். மாமா அப்படியே படுத்திருந்தார். மெஷின் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது மாமா.”

மாமா எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். வெந்துடுச்சு என்று சொல்லவில்லை. பிசியோ அதையும் கவனித்தான். பொய் சொன்னவருக்கு விளையாட்டு வராது என்று நினைத்துக்கொண்டான்.

மாமா படியிறங்கித் தெருவில் மறைந்ததும் அக்காவை அழைத்தான். கை வேலைக்குத் தாங்கும் என்றான். மறுமுனையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நின்றது.

“அப்ப பொய்யா?”

“தாங்கும்னு சொன்னேன்.”

“புரிஞ்சுது,” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் எல்லாம் வழக்கம்போல் இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வழக்கம்போல் இருந்தது. அக்கா இரண்டாம் முறை பரிமாறினாள். மருமகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். மின்விசிறி சுத்தமாகச் சுற்றியது. மாமா இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டார். அடிபட்டதிலிருந்தே அப்படித்தான். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

பின்பக்கக் குழாயடியில் கை கழுவும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

“நாளைக்குப் பலகை மச்சான். ஏறலாமா?”

இதை அவர் கேட்பார் என்று பிசியோ எதிர்பார்க்கவில்லை. ஏற மாட்டேன் என்பார், வலி என்பார், அப்போது என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தான்.

“ஏறலாம் மாமா.”

“கயிறு தலைக்கு மேல இருக்கும். எறங்கறப்ப ரெண்டு கையையும் தூக்கிப் பிடிக்கணும்.”

“மொதல்ல கொஞ்சம் வலிக்கும். பழகிடும்.”

மாமா தண்ணீரை நிறுத்தினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நீ சொன்னா சரி.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மருமகள் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அப்பா, போன தடவ ஜன்னல்ல தொங்கினீங்க, இந்தத் தடவ கயித்துலயா என்றாள். மாமா மட்டும் சிரித்தார்.

திங்கட்கிழமை டீச்சர் சரியான நேரத்துக்கு வந்தார். படியில் இன்னும் விளக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே படுத்தார். பிசியோ மெஷினைப் போட்டான். குதிகாலில் ஜெல்லைப் பிதுக்கினான். தலையை வைத்தான். குமிழைத் திருகப் போனான்.

“இன்னைக்கு நல்லா சூடா வருது,” என்றார் டீச்சர். “ரிப்பேர் பண்ணிட்டீங்க போல.”

குமிழ் சுழியத்தில் இருந்தது.

பிசியோ தலையை எடுத்தான். விரலால் அவர் குதிகாலில் இருந்த ஜெல்லைத் தொட்டான். இளஞ்சூடாக இருந்தது. பாட்டிலைத் தொட்டான். தொட்டியின் மூடியைத் தொட்டான்.

சனிக்கிழமை மாலை பாட்டிலை அங்கிருந்துதான் எடுத்தான். இதே கையால். அப்போதும் சூடாகத்தான் இருந்திருக்கும். கை சொல்லியிருக்கும். இன்னொருவர் பொய் சொல்வதற்காகக் காத்திருந்தவன் அதைக் கேட்கவில்லை.

“டீச்சர், துடைச்சுக்கோங்க. நான் போகணும்.”

“இப்பத்தான் வேலை செய்யவே ஆரம்பிச்சிருக்கு. அதுக்குள்ள எங்க ஓடறீங்க?”

படியில் இறங்கிக்கொண்டே மாமாவை அழைத்தான். மணி அடித்து நின்றது. பலகையில் ஏறுகிறவர்கள் போனைப் பையில் வைத்துவிட்டு ஏறுவார்கள் என்று மாமாவே ஒரு முறை சொல்லியிருக்கிறார். மறுபடி அழைத்தான். அக்காவை அழைக்கவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் மேலே டீச்சர் இருக்கிறார், படியில் கை பிடித்து இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

கட்டடம் பெரிய சாலையின் கடைசியில் இருந்தது. இன்னும் யாரும் குடிவரவில்லை. ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடவில்லை. முன்னால் மணல் குவியல், தண்ணீர் டிரம், பெயின்ட் வாளிகள். மேஸ்திரி இடுப்பில் கை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மாடியான நான்காவது மாடி உயரத்தில் பலகை கோணலாகத் தொங்கியது. ஒரு முனை தாழ்ந்திருந்தது. தாழ்ந்த முனையில் கூட்டாளி. ஆள் ஒல்லி, பெயரும் ஒல்லி என்பதுதான். உயர்ந்த முனையில் மாமா. இடது கையால் ரோலரைப் பிடித்துச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார். வலது கையை மடித்து, முழங்கையைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தார். அவர் அடித்த இடம் அழகாக இல்லை. பட்டை பட்டையாக இருந்தது.

பிசியோ வாயைத் திறந்தான். மேஸ்திரி அவன் தோளில் தட்டினார்.

“கத்தாதீங்க. திரும்பிப் பாப்பாரு.”

யார் என்று கேட்டார். மச்சான் என்றதும் முறையிடத் தொடங்கினார். ஒல்லி தன் முனையை எப்போதோ இறக்கிவிட்டானாம். மாமா முனை இறங்கவே இல்லையாம். இறக்க வேண்டுமென்றால் தலைக்கு மேலிருக்கும் முடிச்சைத் தளர்த்தி, ஒரு கையால் பாரத்தைத் தாங்கி, இன்னொரு கையால் கயிறு விட வேண்டும். கேட்டால், இங்கே இன்னும் ஒரு கோட் அடிக்கணும் மேஸ்திரி என்கிறாராம். அதே இடத்தில் மூன்று கோட் ஆகிவிட்டதாம்.

“உங்க மாமா எப்பலேர்ந்து இடது கைக்காரரு?”

பிசியோ படிக்கட்டைக் கேட்டான். மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் முன்னால் ஏறினார்.

நான்காவது மாடியில் ஒரு காலி வீடு. தரையில் சிமெண்ட் தூள். ஹாலைத் தாண்டி பால்கனி, இடுப்பளவு சுவர். அதற்கு வெளியே, எட்டினால் தொடக்கூடிய தூரத்தில், மாமா உட்கார்ந்திருந்த முனை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் திரும்பி மச்சானைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“கிளினிக் லீவா?”

“உள்ள வந்துடுங்க மாமா.”

“இன்னும் ஒரு கோட் இருக்கு.”

“மாமா.”

மாமா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார்.

“கையைக் குடுங்க,” என்றான் பிசியோ. “இடது கை.”

“ரோலர யாரு பிடிப்பா?”

ஒல்லி பலகையில் மெல்ல நகர்ந்து வந்து ரோலரை வாங்கிக்கொண்டான். மேஸ்திரி பலகையின் ஓரத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து இழுத்தார். மாமா வலது முழங்கையைக் கயிற்றிலிருந்து விடுவித்தார். அதற்குத்தான் நேரம் எடுத்தது. மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. இடது கையை நீட்டினார், பிசியோ மணிக்கட்டைப் பிடித்தான், ஒரு கால் சுவர்மேல் வந்தது, பலகை அசைந்தது, வாளி போயிற்று. கீழே அது விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். மணல் குவியல் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. யாரும் இல்லை.

மாமா பால்கனிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தாங்கி வயிற்றோடு வைத்துக்கொண்டார். முகம் சுருங்கவில்லை. கிளினிக்கில் சுருங்கும் முகம் இங்கே அசையாமல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் பிசியோவால் முடியவில்லை.

மேஸ்திரி ஹாலுக்குள் போய் யாரையோ போனில் அழைத்தார். இன்றைக்கே ஒரு ஆள் வேண்டும் என்றார். இல்லை, நிரந்தரமாக என்றார். மாமாவுக்கும் அது கேட்டது.

பிசியோ பக்கத்தில் மண்டியிட்டுத் தோளில் கை வைத்தான். மாமா விலகவில்லை. தன் தோளில் இருக்கும் கையைப் பார்த்தார்.

“இடது கையால பழகிட்டா சமாளிக்கலாம்னு பாத்தேன்,” என்றார். “பின்பக்க வெள்ளைச் சுவர்ல தெனமும் வெள்ளையே அடிச்சுப் பாத்தேன். ஃபேன்கூட அந்தக் கையாலதான் துடைச்சேன். உங்க அக்கா வீட்ல இல்லாதப்ப.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா பேக்கிங்குக்குக் கெளம்பிடுவா. நின்னுக்கிட்டே செய்யற வேலை. அவ கால் தாங்காது.”

பலகையிலிருந்து ஒல்லியும் உள்ளே வந்தான். அண்ணே, தண்ணி வேணுமா என்றான். பதிலுக்கு நிற்காமல் கீழே போனான்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று பிசியோ நினைத்தான். ஜெல்லைச் சொல்லலாம். சூடு தெரியுது என்று நீங்கள் சொன்னது நிஜம்தான் மாமா, அது தெரியாமல்தான் என்று தொடங்கலாம். ஆனால் அப்படித் தொடங்கினால் மெஷின் ஏன் ஓடவில்லை என்பதில் போய் நிற்க வேண்டும். அதற்குப் பின்னால், சனிக்கிழமை காலைப் படியில், அக்கா உட்கார்ந்திருந்தாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். திரையில் அக்கா என்று இருந்தது. அவன் மறைக்கவில்லை. மாமாவும் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமா அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை மெஷின் கத்தல மச்சான். கத்தும்னு நான் காத்துக்கிட்டே படுத்திருந்தேன்.”

பிசியோ தோளிலிருந்து கையை எடுத்தான்.

“நீ போட மறந்துட்டியா, இல்ல உங்க அக்கா சொன்னாளா?”